வலியும் ஒட்டுத் துண்டும்

“உடம்பில் ஒட்டினால் வலியை மரக்கச் செய்யும் துண்டு ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறதாமே, மாஸ்டர்?” என்று ஓப்பநாயக்கப் பக்கத்துத் தோட்டங்களில் என்னைக் கேளாதவர் இப்பொழுது மிகச் சிலரே. நான் வைத்தியன் அல்லன். கல்லூரியொன்றில் விஞ்ஞானம் கற்பிப்பவன். முன்பெல்லாம் விடுமுறைக்கு வீடு சென்றால் பிள்ளைகளின் பரீட்சையைப்பற்றித்தான் பெற்றோர் விசாரிப்பர். சென்ற ஆண்டிலிருந்து பரீட்சையை விட்டுத் துண்டைப் பிடித்துக்கொண்டனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூறி அலுத்துவிட்டேன். அதனாலேயே, நான் அறிந்ததையும், என் வீட்டில் நடந்ததையும், நான் செய்த பிழையையும் சேர்த்து எழுதத் துணிந்தேன்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக மட்டக்களப்பு செல்லும் பெருந்தெருவிலே, பெல்மதுளைக்கும் பலாங்கொடைக்கும் இடையில் இருப்பது ஓப்பநாயக்க. களனிப் பள்ளத்தாக்குச் சிறு ரயில் ஓடிய காலத்தில் அதன் கடைசி நிலையம் இதுதான். ரயில் போய்விட்டது, மழையும், தேயிலையும், இறப்பரும், இரத்தினக்கல் குழிகளும் போகவில்லை. என் தாயார் இங்குள்ள தோட்டமொன்றில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கொழுந்தெடுத்தவர். இளைப்பாறிய பின் என் தம்பி குடும்பத்தோடு அதே லயத்தில் வசித்து வருகிறார்.

சென்ற ஆண்டு புரட்டாசி மாதக் கடைசியில் ஒருநாள், இடப்பக்க முதுகில் எறும்பு கடித்தாற்போல எரிகிறது என்று அம்மா சொன்னாராம். அட்டை கடித்திருக்கும் என்று எண்ணித் தம்பியின் மனைவி உப்புத் தேய்த்துவிட்டாள். இரண்டு நாளில் முதுகெலும்பிலிருந்து மார்பின் கீழ்வரை, ஒரு கயிற்றைப் பாதி சுற்றிக் கட்டியதுபோலத் தோல் சிவந்து, நீர்க்கொப்புளங்கள் கொத்துக் கொத்தாக எழும்பின. லயத்து மூத்தவர்கள் பார்த்தவுடனேயே பெயர் சொல்லிவிட்டனர்: “அக்கி.”

அக்கிக்கு எழுதுவது நம் முன்னோர் வழக்கம். தமிழகத்துக் கிராமங்களில் குயவர் செங்காவியைக் குழைத்து, கொப்புளம் கண்ட இடத்தில் சிங்கம், நாய் முதலியவற்றின் உருவத்தை எழுதுவர். கடல் கடந்து வந்தபோது எம் பாட்டன்மார் அந்த வழக்கத்தையும் கொண்டுவந்தனர்; குயவர்தாம் வரவில்லை. ஆகவே எங்கள் மாரியம்மன் கோயில் பூசாரியார் காவி குழைத்துப் பூசினார். உருவம் எழுத அவருக்குத் தெரியாது. எனினும் காவி குளிர்ச்சியாக இருந்தது என்றும், அன்றிரவு சிறிது கண்ணயர்ந்ததாகவும் அம்மா சொன்னார். அன்போடு செய்ததை நான் குறை கூறவில்லை. குறை என்னுடையது. தம்பி தொலைபேசியில் செய்தி சொன்னபோது, “வார இறுதியில் வந்து பார்க்கிறேன்” என்று கூறிவிட்டுப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். நான் போய் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும்போது ஆறாம் நாள்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், அக்கிக்கு அசைக்ளோவிர் என்ற நல்ல மருந்து உண்டு. நோயணுவின் பெருக்கத்தைத் தடுக்கும் அம்மருந்து வகைக்கு வழி திறந்த கெர்ட்ரூட் எலியன் என்னும் அம்மையார் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் கொப்புளம் தோன்றி 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கினால்தான் அம்மருந்து செம்மையாக வேலை செய்யும். காவி பூசிக் காத்திருந்த நாட்களும், நான் தாள் திருத்திய நாட்களும் அந்த 72 மணித்தியாலங்களை விழுங்கிவிட்டன. கொப்புளம் நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கண்ணைச் சுற்றியோ தோன்றினால் ஒரு பொழுதுகூடத் தாமதிக்கலாகாது, பார்வையே போகக்கூடும்.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் வைத்தியர் ஒருவர் அம்மாவைப் பார்த்துவிட்டு, “சின்ன வயதில் அம்மை போட்டதா?” என்று கேட்டார். எட்டு வயதில் போட்டதையும், வேப்பிலைப் படுக்கையில் கிடந்ததையும், மூன்றாம் தண்ணீர் வார்த்த பிறகே வெளியில் விட்டதையும் அம்மா ஒன்றுவிடாமல் சொன்னார். “அதே கிருமிதான் அம்மா இது” என்றார் வைத்தியர். வெளியே வந்ததும் அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்ட கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது. “அப்ப அவ போகவே இல்லையா, தம்பி? இத்தனை வருசமா உள்ளேதான் இருந்தாளா?”

அம்மன் சித்தம் எனக்குத் தெரியாது. கிருமியைப்பற்றி அம்மா கேட்டது முற்றிலும் சரி. கொப்புளிப்பான் ஆறிய பிறகு அதன் கிருமி உடம்பை விட்டு நீங்குவதில்லை. முதுகெலும்பின் ஓரமாக நரம்புகளின் வேரிலுள்ள முடிச்சுகளில் அது உறங்கிக் கிடக்கிறது. வயது முதிர்ந்தோ நோயுற்றோ உடம்பின் காவல் தளரும்போது விழித்து, ஒரேயொரு நரம்பின் வழியாகத் தோலுக்கு வருகிறது. அந்த நரம்பு எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அவ்வளவு தூரமே கொப்புளம். கயிறு கட்டியதுபோல ஒரு பக்கத்தில் மட்டும் வருவது இதனாலேயே. இக்கருத்தை 1965ஆம் ஆண்டிலே விளக்கமாக எடுத்துரைத்தவர் பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவர் அல்லர். இங்கிலாந்திலே சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் காய்ச்சலும் இருமலும் பார்த்துவந்த எட்கர் ஹோப்-சிம்சன் என்னும் குடும்ப வைத்தியர். தம்மிடம் வந்த அக்கி நோயாளர்களைப் பதினாறு ஆண்டுகள் ஒவ்வொருவராகக் குறித்துவைத்து, வயதையும் முன்னைய அம்மையையும் ஒப்புநோக்கி, அவர் இந்த முடிவுக்கு வந்தார். தோட்டத்து டிஸ்பென்சரியில் தூசி படிந்து கிடக்கும் பழைய பதிவேடுகளைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த வைத்தியரின் நினைவு வரும்.

இரண்டு மூன்று வாரத்தில் கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. வலி உதிரவில்லை. இதுதான் அக்கியின் கொடுமை. அக்கி கண்டவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்காவது, முதியவர்களில் அதற்கு மேலும், இவ்வாறு வலி மாதக்கணக்கில் தங்கிவிடும். புண் இல்லை, வீக்கம் இல்லை, காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் ரவிக்கையின் துணி பட்டால் அம்மா துடித்தார். “நெருப்பை அள்ளித் தடவுன மாதிரி இருக்கு, தம்பி. காத்துப் பட்டாலும் ஆகமாட்டேங்குது” என்பார். கனமான கொழுந்துக் கூடையை நெற்றிக் கயிற்றில் தாங்கி, வழுக்கும் மலையில் ஏறி இறங்கிய உடம்பு, ஒரு முழம் வாயல் துணியைத் தாங்க இயலாமல் நின்றது. வெளியே வரக் கூச்சப்பட்டு, தோளில் பழைய சேலையொன்றைத் தளரப் போர்த்தியபடி காம்பராவின் மூலையிலே உட்கார்ந்திருந்தார்.

அடிபட்ட நரம்பு செய்யும் வேலை இது. தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூட்டத் தப்படிப்பது உண்டல்லவா? பெரட்டு கலைந்த பின்னும், ஆள் எல்லாம் மலைக்குப் போன பின்னும், ஒருவன் ஓயாமல் தப்படித்துக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? அழைப்பதற்குக் காரியம் ஒன்றுமில்லை; ஆனால் முழக்கம் நிற்பதில்லை. அம்மாவின் நரம்பு அப்படி முழங்கிக்கொண்டிருந்தது.

வைத்தியர் இரவுக்கு ஒரு மாத்திரை தந்தார். நரம்பு வலிக்கு உலகெங்கும் முதலில் கொடுப்பது அதைப் போன்ற மாத்திரைகளையே. வலி ஓரளவு தணிந்தது. ஆனால் தலை சுற்றல் வந்துவிட்டது. எங்கள் லயத்திலிருந்து தண்ணீர்க் குழாய்க்கு இறங்கக் கருங்கற் படிகள் முப்பத்திரண்டு, கைபிடி கிடையாது. இரண்டாம் வாரத்தில் அம்மா படியில் சரிந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். அதன் பிறகே வைத்தியர் ஒட்டுத் துண்டைப்பற்றிச் சொன்னார். அந்த ஆஸ்பத்திரி மருந்தறையில் அப்போது அது இருப்பில் இல்லை. பெயரைச் சீட்டில் எழுதித் தந்தார். வளைகுடா நாட்டில் வேலை செய்யும் என் தமக்கை மகன் முப்பது துண்டுகள் கொண்ட பெட்டியொன்றைக் கார்த்திகை மாதத்தில் ஊர் திரும்பிய நண்பன் கையில் கொடுத்தனுப்பினான்.

“துண்டு வந்திருக்கு” என்று அம்மா சொன்னபோது பக்கத்துக் காம்பராக் கிழவர் சிரித்தார். தோட்டத் தமிழில் துண்டு என்ற சொல்லுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. தொழிலாளியின் கடனை எழுதி, அந்தக் கடனைத் தீர்த்தால்தான் அடுத்த தோட்டம் அவனை எடுக்கலாம் என்று கட்டிப்போட்ட சீட்டுக்கும் துண்டு என்றே பெயர். 1921ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிந்த அது, சொல்லளவில் இன்னும் கிழவர்களின் வாயில் இருக்கிறது. “அந்தத் துண்டு ஆளைக் கட்டுச்சு, இந்தத் துண்டு வலியைக் கட்டுமா பார்ப்போம்” என்றார் அவர்.

பார்வைக்கு அது பெரிய பொருளன்று. பத்துச் சென்ரிமீற்றர் அகலமும் பதினான்கு சென்ரிமீற்றர் நீளமும் உள்ள மெல்லிய வெண்ணிறக் கம்பளித் துணி போன்றது. ஒரு பக்கம் பிசினும், அதன்மேல் உரித்தெடுக்கும் தாளும். பிசினுக்குள் நூற்றுக்கு ஐந்து பங்காக லிடோகெயின் என்ற மருந்து கலந்திருக்கிறது. ஒரு துண்டில் 700 மில்லிகிராம். பெயர் புதிதாகத் தோன்றினாலும் பொருள் நமக்குப் பழக்கமானதே. பல் பிடுங்குமுன் ஈறில் போடும் விறைப்பு ஊசியிலும், காயத்துக்குத் தையல் போடுமுன் குத்தும் ஊசியிலும் இருப்பது இதுதான். நம் ஆஸ்பத்திரிகளில் லிக்னோகெயின் என்பார்கள்.

இந்த மருந்து பிறந்த கதை சுவையானது. நரம்பை மரக்கச் செய்யும் முதல் மருந்து கொக்கெயின். 1884இல் வியன்னா நகரத்து இளம் வைத்தியர் கார்ல் கொல்லர் அதைக் கண்ணில் இட்டு, வலியின்றிக் கண்ணறுவை செய்யலாம் என்று காட்டினார். தமது கண்டுபிடிப்பை ஹைடல்பேர்க் மகாநாட்டில் வாசிக்கப் போவதற்கு அவரிடம் வழிச்செலவுக்குப் பணம் இல்லை. நண்பர் ஒருவரே போய் வாசித்தார். ஆனால் கொக்கெயின் மனிதனை அடிமையாக்கிவிடும் பொல்லாத பொருள். அதற்கு மாற்றுத் தேடிப் பலர் உழைத்தனர். விடை கிடைத்ததோ எதிர்பாராத இடத்தில். 1930களில் சுவீடன் நாட்டு ஸ்டொக்ஹோம் நகரிலே இரசாயனர்கள் வாற்கோதுமைப் பயிரிலுள்ள ஒரு பொருளை ஆராய்ந்தனர். அதை ஒத்த வேறொரு பொருளைச் செயற்கையாகச் செய்தபோது, எர்ட்மன் என்பவர் அக்கால வழக்கப்படி நுனிநாக்கில் வைத்துப் பார்த்தார், நாக்கு மரத்துப்போயிற்று. (என் மாணவர்கள் இதைப் படித்துவிட்டு ஆய்வுகூடத்தில் எதையும் நக்கிப் பார்க்கக்கூடாது என்று இங்கேயே எச்சரித்துவிடுகிறேன்.) அந்த வழியைப் பின்பற்றி நில்ஸ் லொவ்கிரென் 1943இல் லிடோகெயினைச் செய்து முடித்தார். அவருடைய இளந்தோழர் பெங்க்ட் லுண்ட்குவிஸ்ட் அதைத் தம் உடம்பிலேயே ஊசியால் செலுத்திச் சோதித்தார். 1948இல் அது விற்பனைக்கு வந்தது. ஊசி மருந்தாக அரை நூற்றாண்டு பயன்பட்ட பிறகே ஒட்டுத் துண்டாயிற்று. அமெரிக்க அரசாங்கம் 1999ஆம் ஆண்டில் அதற்கு அனுமதி வழங்கியது. எந்த வலிக்கு? அக்கி ஆறிய பின் தங்கும் நரம்பு வலி ஒன்றுக்கே. இதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

நரம்பின் வழியே செய்தி ஓடுவதற்குச் சோடிய அயன்கள் அதன் மெல்லிய சவ்விலுள்ள நுண்ணிய வாயில்களுக்குள் பாய வேண்டும். லிடோகெயின் அவ்வாயில்களை அடைத்துவிடுகிறது. வாயில் அடைபட்டால் பாய்ச்சல் இல்லை. பாய்ச்சல் இல்லையேல் வலிச் செய்தியும் இல்லை. ஊசியால் செலுத்தும்போது மருந்து நிறையச் சேர்வதால் அந்த இடம் முழுதும் மரத்துவிடும். துண்டிலிருந்து தோலுக்குள் கசிவது மிகச் சொற்பம். ஓயாது முழங்கும் பழுதுற்ற நரம்பை அடக்க அது போதும். நல்ல நரம்பை முழுதும் மரக்கச் செய்யப் போதாது. அம்மாவின் முதுகில் துண்டை எடுத்த இடத்தில் விரலால் தொட்டுப் பார்த்தேன். தொடுவது தெரிகிறது என்றார். ஆகவே ‘மரக்கச் செய்யும் துண்டு’ என்று ஊரார் வைத்த பெயர் பாதிதான் சரி. இன்னொரு நன்மையும் உண்டு. துணி நேரே தோலில் உராயாமல் அது ஒரு கவசம்போல் இருக்கிறது.

மாலை ஆறு மணிக்கு ஒட்டி, காலை ஆறு மணிக்கு எடுத்தோம். ஒருநாளில் பன்னிரண்டு மணித்தியாலம் மருந்து, பன்னிரண்டு மணித்தியாலம் ஓய்வு என்பதே விதி. ஒரே வேளையில் மூன்று துண்டுகளுக்கு மேல் ஒட்டலாகாது. அம்மாவுக்கு ஒன்றே போதியதாயிற்று. முதல் இரவு பெரிய மாற்றமில்லை. மூன்றாம் இரவு நான்கு மணித்தியாலம் தொடர்ந்து உறங்கினார். வலி அடியோடு போயிற்றா என்று கேட்பவர்களுக்கு, இல்லை என்றே சொல்வேன். நெருப்பு தணலாயிற்று, அவ்வளவுதான். ஆனால் ஏழு வாரம் உறங்காத மனிதருக்கு அந்த வேறுபாடு எவ்வளவு பெரிதென்பது பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். எட்டாம் நாள் ரவிக்கை அணிந்து வாசலில் வந்து உட்கார்ந்தார்.

வாசலில் உட்கார்ந்ததுதான் வினையாயிற்று.

தோட்டத்தில் வலி இல்லாத முதுகு எது? நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்து, இடுப்பில் படங்கு கட்டி, நெற்றியில் கயிறு தாங்கி, நிறுவைக்கு ஓடுகிற பெண்களுக்கு இடுப்பு வலி சொந்தக்காரி மாதிரி. அதற்கு அவர்கள் சித்தாலேப தேய்ப்பர். கடையில் கிடைக்கும் சலோன்பாஸ் ஒட்டுவர். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பர். இவற்றுக்கும் அம்மாவின் துண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. தைலமும் சலோன்பாசும் நரம்பை மரக்கச் செய்வனவல்ல. அவற்றிலுள்ள கற்பூர வகைகள் குளிர்ச்சியையோ சூட்டையோ தோன்றச் செய்து, வலியிலிருந்து கவனத்தைத் திருப்புகின்றன. மிளகாயின் காரமும் அவ்வாறே. அந்தக் காரத்தை நரம்பு எவ்வாறு உணர்கிறது என்பதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசு பெற்றார். காரப் பொருளைச் செறிவாக ஏற்றிய துண்டுகூட மேனாட்டு ஆஸ்பத்திரிகளில் நரம்பு வலிக்கு உண்டு. அது வேறு கதை.

அடுத்த காம்பராவில் ஒரு தங்கச்சி இருக்கிறார், நாற்பது வயது, மூன்று பிள்ளைகள். அவர் அம்மாவிடம் வந்து, “பெரியம்மா, எனக்கும் ஒரு துண்டு குடுங்க. இடுப்புல இருந்து குதிகால் வரைக்கும் இழுக்குது. ரெண்டு வாரமா நிறை வரமாட்டேங்குது, அரைப்பேர்தான் போடுறாங்க” என்றார். அரசாங்கம் 2024இல் நாட்கூலியை 1,350 ரூபாயாக உயர்த்தியதென்று பத்திரிகைகள் எழுதின. அரைப்பேர் வாங்குகிறவருக்கு அந்தத் தொகை முழுதாக வருவதில்லை என்பதை எத்தனை பேர் எழுதினரோ அறியேன். அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார். நானும், “கொடுங்கள் அம்மா, பாவம்” என்று சொல்லிவிட்டேன். படித்தவன் சொல்லிவிட்டதால் அது வைத்தியர் சீட்டுக்குச் சமமாகிவிட்டது.

அவர் ஒட்டினார். மலைக்குப் போனார். ஒரு வாரத்தில் இன்னும் மூன்று வாங்கிக்கொண்டார். அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அடியில் தைலம் தேய்த்து, மேலே துண்டு ஒட்டி, அதன்மேல் இரவில் உப்பு ஒத்தடமும் கொடுத்திருக்கிறார். மருந்து மூன்று என்றால் குணம் மூன்று மடங்கு என்பது நம்மவர் கணக்கு. தோல் கொப்புளித்துப் போயிற்று. வலி குறைந்ததா என்று கேட்டபோது, “குறைஞ்ச மாதிரித்தான் இருக்கு” என்று தலையைக் குனிந்துகொண்டார். குறைந்திருக்க நியாயமில்லை. அவருடைய வலியின் வேர் தோலில் இல்லை. இடுப்பெலும்புகளுக்கு இடையில் ஆழத்தில் இருந்தது. தோலில் கசியும் சொற்ப மருந்து அங்கே எட்டாது. துண்டு செய்ததெல்லாம், ‘மருந்து போட்டிருக்கிறோம்’ என்ற தைரியத்தைக் கொடுத்ததுதான். அந்தத் தைரியத்தில் பத்து நாட்கள் போயின. பதினோராம் நாள் நடக்கும்போது இடக்காற் பெருவிரல் தரையில் இழுபட்டது. செருப்பு கழன்று விழுவதுகூட அவருக்குத் தெரியவில்லை.

தம்பி முச்சக்கர வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். முதுகெலும்பிடைத் தட்டு பிதுங்கி நரம்பை நசுக்கியிருந்தது. “காலில் பலம் குறைவது போலிருந்தால் அன்றே வந்திருக்க வேண்டும்” என்று வைத்தியர் கண்டித்தார். சிறுநீர் அடைபட்டாலும், தொடைகளின் நடுவே உணர்ச்சி மரத்தாலும் ஒரு மணித்தியாலமும் தாமதிக்கக்கூடாது என்றும் சொன்னார். அவர் கண்டித்தது தங்கச்சியை. கேட்டுக்கொண்டு நின்றவன் நான்.

இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2017ஆம் ஆண்டில் தன் குடும்ப வைத்தியர்களுக்கு ஓர் அறிவுரை வழங்கியது: லிடோகெயின் ஒட்டுகளை வழக்கமாக எழுதிக்கொடுக்க வேண்டாம், வேறு மருந்தால் தணியாத, அக்கியின் பின் வரும் நரம்பு வலிக்கே அது விதிவிலக்கு என்று. இடுப்பு வலிக்கும் முழங்கால் வலிக்கும் பணம் கரைவதைத் தடுப்பதும் அதன் நோக்கம். செல்வம் உள்ள நாடே கணக்குப் பார்க்கிறது. எங்கள் பெட்டியின் விலையை நம் நாட்டுப் பணத்தில் கணக்கிட்டுப் பார்த்த தமக்கை, “இத்தனை நாள்பேரையா அம்மா முதுகுல ஒட்டியிருக்கோம்?” என்று திகைத்துப்போனாள்.

இன்னொரு காலைப்பொழுதை நான் மறக்கமாட்டேன். தம்பியின் மகளுக்கு மூன்று வயது. அப்பாயியின் முதுகில் மாலைதோறும் நடப்பதை அவள் கவனித்து வந்திருக்கிறாள். குப்பையில் போட்ட பழைய துண்டை எடுத்துத் தன் துணிப் பொம்மையின் முதுகில் ஒட்டி, “வலி போச்சா?” என்று கேட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். விளையாட்டு முடிந்ததும் அதன் ஓரத்தை வாயில் வைக்கப் போனாள். நான் பிடுங்கிய வேகத்தில் குழந்தை வீறிட்டு அழுதது. வேகத்துக்குக் காரணம் உண்டு. பன்னிரண்டு மணித்தியாலத்தில் துண்டிலிருந்து உடம்பில் சேர்வது நூற்றுக்கு மூன்று பங்கு அளவே, அதாவது இருபது மில்லிகிராம் போல. மீதி அறுநூறுக்கு மேற்பட்ட மில்லிகிராமும் பழைய துண்டிலேயே இருக்கும்! நாம் ‘தீர்ந்துபோனது’ என்று எறிவது ஏறக்குறைய முழு மருந்து. சிறு குழந்தையோ, நாயோ, பூனையோ அதை மென்றால் வலிப்பு வரலாம். இதயத் துடிப்பு தடுமாறலாம். பிசின் பக்கம் உள்ளே இருக்குமாறு மடித்து, பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி அகற்ற வேண்டும். லயத்து வாசலில் குப்பையும் கோழியும் குழந்தையும் ஒரே இடத்தில் புரள்கின்றன என்பதை மருந்துப் பெட்டியில் அச்சிட்டவர்கள் அறியமாட்டார்கள்; நாமே அறிந்து நடக்க வேண்டியது.

சூடும் அவ்வாறே. துண்டின்மேல் ஒத்தடம் கொடுத்தால் மருந்து அளவுக்கு மீறி உட்செல்லும். புண்ணிலும் சிராய்ப்பிலும் அட்டை கடித்து இரத்தம் கசியும் இடத்திலும் ஒட்டினாலும் அப்படியே. முழுத் தோல்தான் காவல். 2007ஆம் ஆண்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் திணைக்களம் மரக்கச் செய்யும் களிம்புகளைப்பற்றி நாட்டுக்கே எச்சரிக்கை விடுத்தது. கால் முடியை அகற்றும் அழகுச் சிகிச்சைக்குப் போன இளம் பெண்கள் இருவர், செறிவான அத்தகைய களிம்பைக் கால்களில் பூசி, பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றிக்கொண்டனர். இருவரும் வலிப்பு கண்டு, நினைவிழந்து இறந்தனர். ஒருத்திக்கு வயது 22, மற்றவளுக்கு 25. மேலே பூசுவது உள்ளே போகாது என்ற எண்ணமே அவர்களைக் கொன்றது. அளவோடு ஒட்டும் துண்டில் இவ்வளவு அபாயம் இல்லை; மூன்று துண்டுகளை விதிப்படி ஒட்டினாலும் இரத்தத்தில் சேர்வது, இதய நோய்க்கு இதே மருந்தை ஊசியாகச் செலுத்தும்போது சேர்வதில் பத்தில் ஒரு பங்களவே. எனினும் உதடு மரத்தல், காதில் இரைச்சல், தலை கிறுகிறுப்பு, வாயில் உலோகச் சுவை இவற்றில் எது தோன்றினாலும் துண்டை உரித்துவிட்டு வைத்தியரிடம் ஓட வேண்டும். ஈரல் நோயுள்ளவர்களும், இதயத் துடிப்புக்கு மருந்து உண்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் இதைத் தொடவே கூடாது. ஒட்டிய கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கிவிடக்கூடாது என்பதையும் அம்மாவுக்கு நான் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

பொம்மைச் சம்பவத்துக்குப் பிறகு பெட்டியைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினோம். சாவி தம்பி மனைவியின் தாலிக் கயிற்றில். கேட்டு வருகிறவர்களுக்கு, “மாஸ்டர்தான் பூட்டச் சொன்னார்” என்று அவள் என் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொண்டாள். சிலருக்கு என்மேல் வருத்தம். படித்தவன் பொருளைப் பதுக்குகிறான் என்றுகூடப் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும்.

அம்மா துண்டைப் பாதியாக வெட்டி ஒட்டப் பழகினார். தாளை உரிக்குமுன் கத்தரித்தால் அவ்வாறு செய்யலாம் என்று வைத்தியரே சொன்னார். மார்கழி கடைசியில் வலியும் தானாகத் தணியத் தொடங்கியது. இந்நோயில் பலருக்கும் மெல்ல மெல்ல அப்படியாகும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றாகி, பிறகு வாரத்துக்கு ஒன்றாயிற்று. பொங்கலன்று புதுச் சேலையும் புது ரவிக்கையும் உடுத்துக் கோயிலுக்குப் போனார்.

அடுத்த காம்பராத் தங்கச்சிக்குக் காலில் பலம் முக்கால்வாசி திரும்பியிருக்கிறது. மலைக்குப் போக வைத்தியர் இன்னும் விடவில்லை. பிள்ளைக்காம்பராவில் உதவி வேலைக்குக் கேட்டிருக்கிறார், பதில் வரவில்லை. மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கு. அம்மாதான் காலை பஸ்ஸில் கூடப் போகிறார். அந்தத் துண்டைக் கொடுத்தது தாம் என்ற நினைவு அவரை விடவில்லை, என்னையும் விடவில்லை.

தகரப் பெட்டியில் இரண்டு துண்டுகள் மிச்சம் இருக்கின்றன. சின்னவள் அவ்வப்போது பொம்மையைக் கொண்டுவந்து பெட்டியைக் காட்டுவாளாம். “உன் பிள்ளைக்கு நல்லாயிருச்சு, போ” என்று அப்பாயி அனுப்பிவிடுகிறாராம்.